மலிவு விலைக் கணிப்பொறியும் மிகை வேகமும்

நம் கெடார்ப் பகுதியில் மணிலாக் கொட்டை உடைக்கும் மெஷினைப் பார்க்காத மாணவி இருக்கமாட்டாள். எஞ்சின் ஒரு வேகத்தில் சுற்றுகிறது. அதன் புல்லியில் மாட்டிய பெல்ட், மெஷினின் புல்லியைச் சுற்றுகிறது. மெஷினை இன்னும் வேகமாக ஓட்ட வேண்டுமானால் இரண்டே வழிகள் உள்ளன. எஞ்சினுக்கு அதிக விசை கொடுத்து அதையே வேகமாகச் சுற்றவைக்கலாம். அல்லது எஞ்சின் பக்கத்தில் பெரிய புல்லியை மாட்டலாம். வேகம் கூடும், கூடவே சத்தமும் சூடும் கூடும். பெல்ட் அறுந்தால் பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஆபத்து என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

கணிப்பொறியின் மூளை எனப்படும் பிராசஸரிலும் இதே இரண்டு வழிகள்தாம் உள்ளன. எஞ்சினுக்குச் சமமானது அடிப்படைத் துடிப்பு. புல்லிக்குச் சமமானது பெருக்கெண். அடிப்படைத் துடிப்பு விநாடிக்கு 100 மெகாஹெர்ட்ஸ், அதாவது 10 கோடித் துடிப்புகள் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கெண் 35 என்றால் பிராசஸரின் வேகம் 3,500 மெகாஹெர்ட்ஸ், அதாவது 3.5 கிகாஹெர்ட்ஸ். தயாரித்தவர் குறித்துக் கொடுத்த இந்த வேகத்திற்கு மேல் பிராசஸரை ஓட்டுவதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர்.

இதைப்பற்றிப் பள்ளி ஆண்டு மலரில் எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். கல்லூரிக்குச் செல்லும் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கணிப்பொறி வாங்கும்போது, நம் ஊரில் பல வீடுகளில் ஒரு போகத்து மகசூல் பணம் அதில் போய்விடுகிறது. அந்த நேரத்தில், "விலை குறைந்த பிராசஸரை வாங்கு, வேகத்தைக் கூட்டிக்கொண்டால் விலை உயர்ந்ததைப் போலவே ஓடும்" என்று யாராவது யோசனை சொல்கிறார்கள். அது உண்மையாக இருந்த காலமும் உண்டு. இன்று அதில் எவ்வளவு உண்மை மிச்சமிருக்கிறது, அதிலும் நம் ஊர் வெயிலில் எவ்வளவு மிச்சமிருக்கும் என்று தெரிந்துகொண்டால் பெற்றோரின் பணம் தப்பும் அன்றோ!

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். தயாரித்தவர் 3.5 என்று எழுதியிருக்க, அதற்கு மேல் அது எப்படி ஓடும்? பிராசஸர்கள் ஒரு வட்டமான சிலிக்கான் தட்டில் நூற்றுக்கணக்கில் ஒன்றாக உருவாக்கப்படுகின்றன. ஒரே மரத்து மாங்காய்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதுபோலவே ஒரே தட்டில் பிறந்த சிப்களும் இருப்பதில்லை. சில அதிக வேகத்தைத் தாங்கும், சில தாங்கா. தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் சோதித்துத் தரம் பிரித்து வேகத்தைக் குறிக்கிறார்கள். ஆனால் வியாபாரத்தில் மலிவுச் சரக்குக்கே கிராக்கி அதிகம். ஆகவே நல்ல வேகம் தாங்கக்கூடிய சிப்கள் மேலும் குறைந்த வேகம் குறிக்கப்பட்டு மலிவு விலைக்கு விற்கப்படுவதுண்டு. சிப்பின் மேல் எழுதியிருப்பது "இந்த வேகத்திற்கு நாங்கள் பொறுப்பு" என்னும் உறுதிமொழியே தவிர, அதன் எல்லை அன்று.

இதற்கு உலகப் புகழ் பெற்ற எடுத்துக்காட்டு, இன்டெல் நிறுவனம் 1998 ஆகஸ்டில் வெளியிட்ட செலரான் 300ஏ என்னும் மலிவு விலைப் பிராசஸராகும். அதன் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். விலை 149 டாலர். அதே மாதத்தில் வெளிவந்த 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2 பிராசஸரின் விலை 669 டாலர். செலரானின் அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் நாலரை. பெருக்கெண்ணைத் தொட முடியாதபடி இன்டெல் பூட்டிவிட்டது. ஆனால் எஞ்சின் திறந்தே கிடந்தது! அடிப்படைத் துடிப்பை 100 ஆக்கினால் நாலரை மடங்கு 450 வந்துவிடும். பத்து நிமிடம் எடுக்கும் கணக்கு 6 நிமிடம் 40 விநாடியில் முடியும். 149 டாலர் கொடுத்தவர் 669 டாலர் கொடுத்தவருக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். துடிப்பு வேகத்தைத் தீர்மானிக்கும் பி21 என்ற ஒரேயொரு முனையின்மேல் சிறு ஒட்டு நாடாத் துண்டை ஒட்டியே சிலர் இதைச் செய்தார்களாம்.

இந்த வெற்றியில் பாதிப் பங்கு மதர்போர்டுக்கு உரியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மதர்போர்டு என்பது பிராசஸர், நினைவகம், வட்டு யாவும் வந்து சேரும் பெரிய பலகை. இன்டெல்லின் 440பிஎக்ஸ் என்னும் சிப்செட்டைக் கொண்ட பலகைகள் 100 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதற்காகவே ஆக்கப்பட்டவை. அபிட் பிஎச்6 போன்ற பலகைகளில் ஒரு திருகைக்கூடத் திறக்காமல், திரையிலேயே வேகத்தை மாற்றும் வசதி இருந்தது. இங்கு நுட்பமான ஒரு செய்தி உண்டு. பிராசஸருக்குச் செல்லும் துடிப்பை வகுத்துத்தான் வட்டு முதலிய மற்ற உறுப்புகளுக்குப் பலகை அனுப்பும். அந்த உறுப்புகளுக்கு வேண்டியது 33 மெகாஹெர்ட்ஸ். 66-ஐ இரண்டால் வகுத்தால் 33. 100-ஐ மூன்றால் வகுத்தாலும் 33. ஆகவே 100-இல் எல்லாம் சுகம். ஆனால் "ஆசைப்படாமல் நடுவில் 83 வைப்போம்" என்று நினைத்தவர் நிலை என்ன? இரண்டால் வகுத்தால் 41.5 வருகிறது. பிராசஸர் நன்றாகவே ஓடும். வட்டில் எழுதியவைதாம் சிதையக்கூடும். அதிக வேகம் பத்திரமாகவும் குறைந்த வேகம் ஆபத்தாகவும் இருந்த வேடிக்கை இது. வகுத்தல் கணக்கு தெரிந்தவர் பிழைத்தார்.

இன்னொரு கதை மாணவிகளுக்குப் பிடிக்கும். 2000ஆம் ஆண்டு ஏ.எம்.டி. நிறுவனம் டியூரான் என்னும் மலிவு விலைப் பிராசஸரை வெளியிட்டது. அதன் மேற்புறத்தில் எல்1 என்ற பெயரில் சில நுண்ணிய பாலங்கள் இருந்தன. அவை துண்டிக்கப்பட்டிருந்தால் பெருக்கெண் பூட்டப்பட்டது என்று பொருள். அந்தப் பாலங்களின் மேல் சாதாரணப் பென்சிலால் கோடு இழுத்தால் பூட்டுத் திறந்துகொண்டது! பென்சிலின் கரி கிராஃபைட் ஆகும். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்று நாம் வேதியியலில் படித்ததுதான். அழிப்பானால் அழித்தால் மீண்டும் பூட்டு. இவ்வளவு எளிய சாவி இதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் வரவில்லை.

தயாரிப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? 2011இல் இன்டெல் எஞ்சினையும் பூட்டிவிட்டது. அந்த ஆண்டு வந்த பிராசஸர்களில் எல்லா உறுப்புகளுக்கும் ஒரே துடிப்பு செல்வதால், அதைச் சிறிது கூட்டினாலே மற்றவை தடுமாறின. பெருக்கெண்ணை மாற்ற வேண்டுமானால் பெயரின் முடிவில் "கே" என்ற எழுத்துள்ள விலை உயர்ந்த பிராசஸரும், அதற்கென்றே உள்ள விலை உயர்ந்த பலகையும் வாங்க வேண்டும் என்றாயிற்று. மலிவு வாங்குவோருக்காகப் பிறந்த வித்தை பணக்காரரின் பொழுதுபோக்காக மாறிவிட்டது. இது எங்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இடையிடையே ஒரு சன்னல் திறந்ததும் உண்டு. பென்டியம் என்ற பெயரின் இருபதாண்டு நிறைவை ஒட்டி 2014இல் ஜி3258 என்ற மலிவு விலைப் பிராசஸரைப் பூட்டின்றி இன்டெல் வெளியிட்டது. 3.2 கிகாஹெர்ட்ஸ் என்று குறித்திருந்த அதைப் பலர் 4-க்கு மேல் ஓட்டினார்கள். ஆனால் அதற்குள் இருந்தவை இரண்டே கோர்கள். கோர் என்பது தனித்தனியே கணக்குப் போடும் ஒரு பகுதி. அதே ஆண்டில் வந்த சில விளையாட்டு நிரல்கள், நான்கு வேலைகளை ஒரே நேரத்தில் செய்ய முடியாத பிராசஸரில் தொடங்கவே மறுத்தன. நான்கு ஆட்கள் தூக்க வேண்டிய கட்டிலை இரண்டு பேர் எவ்வளவு வேகமாக ஓடியும் தூக்க முடியாது. ஏ.எம்.டி. 2019 நவம்பரில் அத்லான் 3000ஜி என்ற 49 டாலர் பிராசஸரைப் பூட்டின்றி வெளியிட்டது. 3.5 கிகாஹெர்ட்ஸ் குறிக்கப்பட்ட அது ஏறக்குறைய 3.9 வரை சென்றது. பத்து நிமிடக் கணக்கு ஒன்பது நிமிடம் ஆகும், அவ்வளவுதான். செலரான் காலத்து இலாபத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இலாபம் ஏன் இப்படிச் சுருங்கிவிட்டது? பூட்டு மட்டும் காரணம் அன்று. முன்பு வாங்குபவருக்கு மிச்சமாக விட்டிருந்த வேகத்தை இப்போது தயாரிப்பாளரே எடுத்து விற்கிறார். 2008 முதல் இன்டெல் பிராசஸர்களில் டர்போ பூஸ்ட் என்ற ஏற்பாடு வந்தது. சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கும்போது பிராசஸர் தானாகவே தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். சூடு ஏறினால் தானாகக் குறைத்துக்கொள்ளும். ஓவர்கிளாக்கிங் தொழிற்சாலையிலேயே முடிந்து பெட்டிக்குள் வருகிறது எனலாம். நாம் மேலும் கூட்டுவதற்கு மிஞ்சுவது அடிக்கரும்பு அன்று, நுனிக்கரும்புதான்.

இனி, கூட்டினால் ஏன் பிழை வருகிறது என்று பார்ப்போம். கட்டட வேலையில் சித்தாள் பெண்கள் வரிசையாக நின்று சாந்துச் சட்டியைக் கைமாற்றுவதை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தாளத்திற்கும் ஒவ்வொரு சட்டி ஒரு கை நகர்கிறது. தாளம் வேகமானால் வேலை வேகமாகும். ஆனால் ஒரு கட்டத்தில், முந்திய சட்டியைக் கொடுத்து முடிப்பதற்குள் அடுத்த சட்டி வந்துவிடும். வரிசையில் ஒரே ஒருத்தி தவறவிட்டாலும் சட்டி கீழே விழும். பிராசஸருக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய டிரான்சிஸ்டர்கள் இப்படித்தான் 0, 1 என்ற குறிகளைக் கைமாற்றுகின்றன. தாளத்தை விரைவுபடுத்தினால் அவற்றில் மெதுவானது முதலில் தவறவிடும். அவ்வாறு தவறாமல் இருக்க அவற்றின் கைகளுக்குப் பலம் தர வேண்டும். அந்தப் பலம்தான் வோல்டேஜ், அதாவது மின்னழுத்தம். வோல்டேஜ் கூடினால் டிரான்சிஸ்டர்கள் விரைந்து மாறும். அதற்கு விலை சூடு.

இந்த விலை எவ்வளவு என்பது ஒரு சிறு கணக்கு. பிராசஸர் வெளிவிடும் வெப்பம், வேகத்திற்கு நேர்விகிதத்தில் உள்ளது. வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் உள்ளது. வேகத்தை நூற்றுக்கு 20-ம், வோல்டேஜை நூற்றுக்கு 10-ம் கூட்டினோம் என்க. 1.2 பெருக்கல் 1.1 பெருக்கல் 1.1 என்பது 1.452. வேகம் 20 பங்கு கூட, வெப்பம் 45 பங்கு கூடிவிட்டது.

இங்கேதான் நம் ஊர் குறுக்கே வருகிறது. பிராசஸரின் சூடு என்பது அறையின் சூட்டோடு, அது தானாகப் பெறும் சூட்டைக் கூட்டினால் வருவதாகும். ஓர் எடுத்துக்காட்டுக்கு, ஒரு பிராசஸர் முழு வேலையில் அறையைவிட 45 டிகிரி கூடுதலாகச் சூடேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் கூட்டியபின் அந்த 45 என்பது 65 ஆகிவிடும். சோதனை செய்து எழுதுபவர்கள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில், 22 டிகிரி அளவில் சோதிக்கிறார்கள். அவர்களுக்கு 22-உம் 65-உம் சேர்ந்து 87 டிகிரி. "தாராளமாக ஓடுகிறது, ஆபத்தில்லை" என்று எழுதிவிடுவார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் அக்கினி நட்சத்திரத்தில், சிமெண்டு ஷீட் போட்ட வீட்டில், பிற்பகல் இரண்டு மணிக்கு அறைக்குள்ளேயே 38 டிகிரி இருக்கிறது. 38-உம் 65-உம் 103 டிகிரி! பெரும்பாலான பிராசஸர்களின் எல்லை 95 முதல் 100 டிகிரி வரைதான். அந்த எல்லையைத் தொட்டவுடன் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பணம் செலவழித்து, விசிறி மாற்றி, வோல்டேஜ் ஏற்றி, கடைசியில் மே மாதத்தில் பழைய வேகத்துக்கே வந்து சேர்வோம். கூட்டாமல் விட்டிருந்தாலோ 38-உம் 45-உம் சேர்ந்து 83 டிகிரிதான். ஒரு குறையும் இல்லை. மார்கழிக் காலையில் சோதித்துப் பார்த்துவிட்டுச் சித்திரையில் திண்டாடக்கூடாது.

உலகச் சாதனைக்காரர்கள் 2022 டிசம்பரில் ஒரு பிராசஸரை 9 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டிக் காட்டினார்கள். அதைக் குளிர்விக்க அவர்கள் ஊற்றியது திரவ ஹீலியம். அதன் கொதிநிலை பூச்சியத்துக்குக் கீழே 269 டிகிரி. நமக்கு ஐஸ் வாங்கவே விழுப்புரம் போக வேண்டியிருக்கிறது!

வோல்டேஜால் வரும் தீங்கு உடனே தெரிவதில்லை என்பது இன்னும் கவலைக்குரியது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசஸர்கள் பல, வாங்கிச் சில மாதங்களில் காரணமின்றி நின்று நின்று போயின. தேவைக்கு மேற்பட்ட வோல்டேஜ் சென்றதால் சிப்பின் உட்பகுதி தேய்ந்துபோனதை 2024இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அவற்றுள் பலவற்றை வாங்கியவர்கள் வேகத்தைத் தொட்டே பார்த்ததில்லை. தயாரித்தவருக்கே கைதவறும் காரியம் இது.

ஆகவே மலிவு விலைக் கணிப்பொறி வாங்குகிறவர்கள் வேகம் கூட்டுவதைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் பாதியையாவது மதர்போர்டைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடலாம் என்பது எங்கள் எண்ணம். உண்மையில் பணம் வீணாவது அங்கேதான். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் பிராசஸரை ஓரிடத்திலும் பலகையை மற்றோரிடத்திலும் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கினார்கள். இரண்டும் புதியவை, இரண்டும் நல்லவை. பொருத்திப் பார்த்தால் விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. இரண்டு முறை பஸ் ஏறி அலைந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. அந்தக் காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

பிராசஸர் உட்காரும் இருக்கைக்குச் சாக்கெட் என்று பெயர். சாக்கெட் பொருந்தாவிட்டால் பிராசஸர் உட்காரவே உட்காராது. இது எல்லோருக்கும் தெரியும். உட்கார்ந்தும் ஓடாமல் போவதுதான் ஏமாற்றுவது. இன்டெல்லின் எல்.ஜி.ஏ. 1151 என்ற சாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 6, 7ஆம் தலைமுறைப் பிராசஸர்களுக்கும் அதே எண். 2017இல் வந்த 8ஆம் தலைமுறைக்கும் அதே எண். ஆனால் 8ஆம் தலைமுறைப் பிராசஸர் பழைய 200 வரிசைப் பலகையில் உட்காரும், ஓடாது. மின்சாரம் செல்லும் முனைகளின் ஏற்பாட்டை மாற்றிவிட்டார்கள். அதற்கு 300 வரிசைப் பலகை வேண்டும். அடுத்து வந்த எல்.ஜி.ஏ. 1200 சாக்கெட்டிலும் இதே கதை. எச்410, பி460 என்ற மலிவுப் பலகைகள் 10ஆம் தலைமுறைக்கு உரியவை. 11ஆம் தலைமுறைக்கு உதவா. பழைய சரக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

ஏ.எம்.டி.யின் ஏஎம்4 என்ற சாக்கெட் நீண்ட காலம் நிலைத்தது. அதனால் அதன் பலகைகளும் பிராசஸர்களும் பழையதும் புதியதுமாக இன்றும் கைமாறுகின்றன. ஒரே சாக்கெட்தான் என்றாலும் அதிலும் கவனம் வேண்டும். பலகையின் மூலநிரலுக்குப் பயாஸ் என்று பெயர். பிராசஸரை அடையாளம் கண்டு எழுப்புவது அதன் வேலை. 2018இல் தயாரான பி450 பலகைக்கு 2020இல் பிறந்த ரைசன் 5000 வரிசைப் பிராசஸரை எப்படித் தெரியும்? பயாஸைப் புதுப்பித்தால்தான் தெரியும். தோழியின் வீட்டில் நேர்ந்தது இதுவே. புதுப்பிக்க வேண்டுமானால் கணிப்பொறி ஓட வேண்டும்; ஓட வேண்டுமானால் புதுப்பிக்க வேண்டும்! பலகைக்குத் தெரிந்த பழைய பிராசஸர் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டித்தான் இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டியிருந்தது. சில பலகைகளில் பிராசஸரே இல்லாமல் பென்டிரைவ் வழியாகப் பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் இருக்கிறது. சற்று விலை கூடினாலும் அத்தகைய பலகை நல்லது. பயாஸ் குடியிருக்கும் சிறு சிப்பின் கொள்ளளவு பல பலகைகளில் 16 மெகாபைட்தான். அதில் புதிய பிராசஸர்களுக்கு இடம் செய்ய, சில தயாரிப்பாளர்கள் பழைய பிராசஸர்களின் விவரங்களை நீக்கிவிட்டார்கள். ஆகவே பழைய பிராசஸர் வைத்திருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு புதுப்பிப்பதும் தவறு.

பெயரில் உள்ள எண்ணை நம்புவதும் தவறு. அத்லான் 3000ஜி-யின் பெயரில் 3000 இருப்பதால் ரைசன் 3000 வரிசையின் தங்கை என்று நினைக்கத் தோன்றும். உள்ளே இருப்பதோ அதற்கு முந்திய அமைப்பு. ரைசன் 3600 பிராசஸரை ஏற்கும் பி550 பலகை, அத்லான் 3000ஜி-யை ஆதரிக்கும் பட்டியலில் சேர்க்கவில்லை. ஒவ்வொரு பலகைக்கும் அதன் தயாரிப்பாளர் ஆதரிக்கும் பிராசஸர்களின் பட்டியலை வெளியிடுகிறார். எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து ஆதரவு என்பதும் அதில் இருக்கும். கடைக்காரர் சொல்வதைவிட, அண்ணன் சொல்வதைவிட, இந்தக் கட்டுரை சொல்வதைவிட அந்தப் பட்டியலே மெய்.

வேகம் கூட்டியே தீருவேன் என்பவர்களுக்குச் சிப்செட்டும் பொருந்த வேண்டும். ஏஎம்4-இல் பி350, பி450, பி550 பலகைகளில் பெருக்கெண்ணை மாற்றலாம். மிக மலிவான ஏ320-இலும் ஏ520-இலும் அதற்கு அனுமதி இல்லை. 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டிலும் மலிவான ஏ620 பலகைக்கு அந்த உரிமை கிடையாது. பூட்டில்லாத பிராசஸரை வாங்கிப் பூட்டுள்ள பலகையில் வைப்பது, ஏரியை நிரப்பி மதகை அடைத்து வைப்பது போலாகும்.

பலகையில் மற்றோர் உறுப்பைக் கண்ணால் பார்த்தே எடைபோடலாம். பிராசஸருக்கு வேண்டியது ஏறக்குறைய 1.2 வோல்ட். பவர் சப்ளையிலிருந்து வருவதோ 12 வோல்ட். அதைக் குறைத்துத் தரும் பகுதி, சாக்கெட்டின் ஓரமாக வரிசையாக நிற்கும் சிறு சதுரங்கள், அதை வி.ஆர்.எம். என்பார்கள். 65 வாட் பிராசஸருக்கு 1.2 வோல்ட்டில் எவ்வளவு மின்னோட்டம் வேண்டும்? திறனை மின்னழுத்தத்தால் வகுக்க வேண்டும்: 54 ஆம்பியர்! நம் வீட்டில் ஃபேன், லைட் சுவிட்சுகள் 5 ஆம்பியர். கிரைண்டர் மாட்டும் பெரிய பிளக் 15 ஆம்பியர். உள்ளங்கை அகலத்தில் 54 ஆம்பியர் ஓடுகிறது என்பது எங்களுக்கே வியப்பாக இருந்தது. வேகமும் வோல்டேஜும் கூட்டி 95 வாட், 1.35 வோல்ட் ஆக்கினால் 70 ஆம்பியர். அதனால்தான் நல்ல பலகைகளில் அந்தச் சதுரங்களின் மேல் அலுமினியக் கட்டி வைத்து வெப்பத்தை வெளியேற்றுகிறார்கள். மலிவுப் பலகையில் அவை வெறும் மேனியாக நிற்கும். கட்டி இல்லாத பலகையில் வேகம் கூட்டாமல் இருப்பதே உத்தமம்.

அப்படியானால் மலிவுக் கணிப்பொறியை வேகமாக்க வழியே இல்லையா? சூடேற்றாத வழி ஒன்று இருக்கிறது. அத்லான் போன்ற பிராசஸர்கள் படம் வரையும் வேலையையும் தாமே செய்கின்றன. அதற்குத் தனி நினைவகம் இல்லாமல் பொது நினைவகத்தையே பயன்படுத்துகின்றன. நினைவகத்தை 8 கிகாபைட் துண்டு ஒன்றாக வாங்காமல் 4 கிகாபைட் துண்டு இரண்டாக வாங்கி, பலகை சொல்லும் இரண்டு இடங்களில் செருகினால், தரவு செல்லும் பாதை 64 பிட்டிலிருந்து 128 பிட்டாக அகலமாகும். ஒற்றையடிப் பாதை இரட்டைப் பாதையாவது போல. பலகையில் நினைவகத்திற்கு இரண்டு இடங்களாவது இருக்கிறதா என்று பார்த்து வாங்கினாலே இது கைகூடும். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்ற இரு வகைகளில் எது தன் பலகைக்கு உரியது என்பதையும் பார்க்க வேண்டும். பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதில் நுழையாது. பழைய சுழலும் வட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. வைப்பது இதனினும் கண்கூடான மாற்றம் தரும்.

மடிக்கணினியைப் பற்றியும் ஒரு சொல். 2011 முதல் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் சில வீடுகளில் உள்ளன. அவற்றின் வேகத்தைக் கூட்ட முயல வேண்டாம். இடம் குறுகியது, விசிறி சிறியது. தூசியைத் துடைத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை விவரம் தெரிந்தவரைக் கொண்டு மாற்றினால், சூட்டால் இழந்த வேகம் திரும்பக்கூடும். களத்துமேட்டுத் தூசியும் செம்மண் புழுதியும் உள்ள நம் ஊரில் மேஜைக் கணிப்பொறிக்கும் இது பொருந்தும்.

இத்தனைக்குப் பிறகும் வேகம் கூட்டிப் பார்க்க விரும்பும் மாணவி இருந்தால், அவள் பிழையைக் கண்டுபிடிக்கும் சோதனை நிரலைச் சில மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் வெயில் நேரத்தில். கணிப்பொறி நின்றுபோனால் நல்லது, பிழை தெரிந்துவிட்டது. நிற்காமல் ஓடிக்கொண்டே ஒரு 1-ஐ 0 ஆக்குவதுதான் கெடுதி. மதிப்பெண் பட்டியலில் ஓர் எண் மாறினால் யாருக்குத் தெரியும்? திரையே வராமல் போய்விட்டால் பயப்பட வேண்டாம். மின்சாரத்தை நிறுத்தி, பலகையிலுள்ள வட்டமான சிறு பேட்டரியைச் சிறிது நேரம் கழற்றி வைத்தால் பெரும்பாலான பலகைகள் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். மின்சாரம் ஏறி இறங்கும் வீடுகளில் யு.பி.எஸ். இல்லாமல் பயாஸைப் புதுப்பிக்கத் தொடங்கக்கூடாது. பாதியில் மின்சாரம் போனால் பலகையே எழாமல் போகலாம்.

உதிரிப் பாகங்கள் வாங்க நம் பகுதியினர் பலர் இரயிலேறிச் சென்னை அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவுக்குச் செல்கிறார்கள். விழுப்புரத்திலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர். மறந்த பொருளுக்காக மறுநாள் போய்வர முடியாது. பிராசஸரின் முழுப் பெயர், பலகையின் முழுப் பெயர், அதன் திருத்த எண், பட்டியலில் கண்ட பயாஸ் பதிப்பு, நினைவகத்தின் வகை, பவர் சப்ளையின் வாட் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். பலகைப் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் பயாஸ் பதிப்பு எழுதியிருக்கிறதா என்று கேட்கலாம். பணம் கொடுக்குமுன் கடையிலேயே பலகையையும் பிராசஸரையும் பொருத்தி, திரையில் எழுத்து வருவதைப் பார்த்து, பில்லில் இரண்டின் வரிசை எண்களையும் எழுதி வாங்கிக்கொண்டு புறப்படலாம்.